வெளியே சொட்டாத தண்ணீர்

நான் சண்டைக்காரி என்று இந்தக் கட்டடத்தில் ஒரு பெயர் உண்டு. இருக்கட்டும். கீழ் வீட்டில் குடியிருக்கிறவள் சண்டை போடாமல் பிழைக்க முடியாது. மேலே உதறுகிற தூசி, வாருகிற முடி, காற்றில் நழுவுகிற உள்ளாடை எல்லாம் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். மேல் வீட்டுக் கழிவறைச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓவர்ஃப்ளோ பைப்பு.

கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் உள்ளே தரையெல்லாம் வழியாமல் வெளியே போகட்டும் என்று வைத்தது. வெளியே என்றால் எங்கே? என் வீட்டுப் பின்பக்கம், துணிக்கொடிக்கு நேர் மேலே. டேங்க்குக்குள் மிதக்கிற பந்துதான் தண்ணீர் நிறைந்ததும் வால்வை மூட வேண்டும். அந்த வால்வு தேய்ந்துபோய்விட்டது. அதனால் பைப்பு காலையிலிருந்து சாயங்காலம்வரை சொட்டும். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைப் பாசிக்கோடு. காய்ந்துவிட்டதே என்று விரிப்பை எடுக்கப் போனால் நடுவில் ஓர் ஈர வட்டம் இருக்கும், துரு வாசனையோடு.

சாதாரணத் துணியாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அவை என் புருஷனுடைய படுக்கை விரிப்புகள்.

இவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். பொத்தானை அமுக்குவதற்கு ஓர் ஆளா என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். "ஆளுங்களை ஏத்தி இறக்குறது மட்டும் வேலை இல்ல. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள எட்டுப் பேர் மூஞ்சி கோணாம நிக்கணும். என் சட்டையில நாத்தம் அடிச்சா அவங்க எங்க ஓடுவாங்க?" என்பார். காலையில் ஒரு குளியல், மதியம் முகம் கழுவல், அங்கேயே மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை. கல்யாணமான புதிதில் இவருடைய சட்டைக் காலரைத் தேய்த்துத் தேய்த்தே என் விரல் நுனி உரிந்தது. அப்படிப்பட்ட மனிதரை ஒரு நாள் லிஃப்டுக்குள்ளேயே பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு குழறிக் குழறித் திரும்பி வந்தது. வாய்க்கொழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்பு மூன்றாவது மாடியில் இருந்தோம். இவரால் இனி ஒரு படிகூட ஏற முடியாது என்றானதும் கீழ் வீடு தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். படுத்த படுக்கை என்று சொன்ன உடனேயே வீட்டுக்காரர்களுக்கு வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்துவிடும். இந்த வீட்டுக்காரர் ஒருவர்தான், "சுத்தமா வச்சுக்கிட்டா சரி" என்று சாவியைக் கொடுத்தார். குடிவந்த அன்று தள்ளுவண்டியில் வாசலைத் தாண்டும்போது இவர் சொன்னார்: "வாழ்க்கை பூரா மேல கீழ போயிட்டு இருந்தேன். கடைசியில தரைத்தளத்துல நிறுத்திட்டாங்க. பரவாயில்ல, எல்லாரும் இறங்குற இடம் இதுதான்."

வாராவாரம் வந்து பார்க்கிற நர்ஸம்மா முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மாத்திரை ஒரு வேளை தவறினாக்கூடப் பரவாயில்லம்மா. முதுகு நனைஞ்சே கிடக்கக் கூடாது. கீழ் முதுகு, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த இடமெல்லாம் எப்பவும் காஞ்சு இருக்கணும். இவங்களுக்குத் தோல் ஒரு தடவை உடைஞ்சா அப்புறம் மூடுறது ரொம்பக் கஷ்டம். மனுஷன் போறதே அந்த வழியாத்தான்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை அந்த முதுகுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுவேன். நனைந்தால் உடனே விரிப்பை மாற்றிவிட்டு, வெந்நீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுப்பேன். கொடியில் எந்நேரமும் விரிப்பு தொங்கும். எழுந்திருக்க முடியாதவர் முதுகு குழந்தை கன்னம் மாதிரி இருக்கிறது என்று நர்ஸம்மாவே ஒரு தடவை மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கிடைத்த பட்டம் பதவி எல்லாம் அது ஒன்றுதான்.

அந்த விரிப்பின் மேல்தான் மேல் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் சொட்டியது. எனக்கு எப்படி இருக்கும்?

மேல் வீட்டில் ஒரு வங்கிக் காசாளரும் அவள் புருஷனும். இரண்டு பேரும் காலையில் பூட்டிக்கொண்டு போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். நல்ல பெண்தான். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். முதல் தடவை தன்மையாகச் சொன்னேன். "பாக்கறேன்க்கா" என்றாள். இரண்டாம் தடவை கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "ஞாயித்துக்கிழமை ஆள் கூப்பிடறேன்க்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒரு நாள் அவள் படியிறங்கும்போது ஈர விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன்.

"இத மோந்து பாரு" என்றேன்.

"அக்கா, ஆபீஸுக்கு நேரமாச்சு."

"உன் வீட்டு டேங்க் தண்ணிதான. நல்லா மோந்து பாரு. இதுலதான் எம் புருஷன் படுக்கணும்."

படிக்கட்டில் மற்ற வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த ஞாயிறே பிளம்பர் வந்துவிட்டார்.

நான் பின்பக்கம் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிளம்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வாயாடி மனிதர், அவருடைய ஸ்பானரைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும்.

"அக்கா, இனிமே இந்தப் பைப்பே வேணாம். இப்பல்லாம் வெளியில விடுறதே இல்ல. உள்ளயே ஒரு குழாய் நட்டக்குத்தலா நிக்கும். தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா அது வழியா இறங்கி நேரா கோப்பைக்குள்ள போயிரும். உங்க கொடிக்கு ஒரு சொட்டு வராது."

"அந்த மிதக்கிற பந்து?"

"அது இன்னும் கொஞ்ச நாள் வரும்க்கா. அப்படியே மக்கர் பண்ணினாலும் இனிமே உங்களுக்கு என்ன தொந்தரவு?"

அதானே என்று எனக்கும் தோன்றியது. அவர் டேங்க்கைக் கழற்றி, அடியில் பழைய அமைப்பை எடுத்துவிட்டு, உள்குழாயோடு இருக்கிற புதியதை மாட்டினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பைப்பைச் சுவரோடு சுவராக அறுத்தார். அறுந்த துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துக் கையாலேயே மெழுகினார். அன்று சாயங்காலம் சுவரில் இருந்த பாசியை நானே சுரண்டித் தேய்த்துக் கழுவினேன். இவர் படுக்கையிலிருந்து கேட்டார், "என்ன, ஜெயிச்சிட்டியா?"

"பின்ன?" என்றேன்.

சில மாதங்கள் நிம்மதியாகப் போயிற்று. விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்து வந்தன. இவர் முகத்தை அதில் வைத்து, "புதுச் சட்டை வாசனை" என்பார்.

அப்புறம் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

மொட்டை மாடியில் நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தொட்டி. காலையிலும் சாயங்காலமும் மோட்டார் போட்டு நிரப்புவது கட்டடத்துச் செகரட்டரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் புருஷன் அவருக்கு வைத்த பெயர் மோட்டார். கட்டடத்தில் அவருக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அந்தச் சுவிட்சுதான், அதை வேறு யாரும் தொட விடமாட்டார். முன்பெல்லாம் காலையில் நிரப்பிய தண்ணீர் சாயங்காலம்வரை தாராளமாக வரும். இப்போது மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே குழாய் இருமியது. அடுத்த வாரம் பத்து, பதினொரு மணிக்கே காற்றுதான் வந்தது. மோட்டார் இறைக்கிற கீழ்த்தொட்டியிலும் வந்து சேர்கிற அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும், நினைத்த நேரத்துக்கெல்லாம் மோட்டார் போட முடியாது.

செகரட்டரி துப்புத் துலக்கக் கிளம்பினார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்காவது தண்ணீர் வீணாகிறது என்றால் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். எந்த வீட்டு ஓவர்ஃப்ளோ பைப்பில் சொட்டுகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். சொட்டுகிற வீட்டுக் கதவைத் தட்டுவார். இத்தனை வருஷமாக அதுதான் இங்கே நடைமுறை, எல்லாருக்கும் அதில் நம்பிக்கை. இந்தத் தடவையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினார். எல்லாப் பைப்பும் காய்ந்து கிடந்தது. மேல் வீட்டில் பைப்பே இல்லை, சிமெண்ட் அடைப்பு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஆக, எங்கேயும் ஒழுக்கு இல்லை. ஒழுக்கு இல்லையென்றால் யாரோ செலவழிக்கிறார்கள். அண்ணாந்து பார்த்த தலையை அவர் கீழே இறக்கியபோது நேர் எதிரே என் கொடி. அதில் வரிசையாக விரிப்புகள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டடியில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்று யாரும் சொல்லவில்லை. தற்செயலாக எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே நின்றார்கள், அவ்வளவுதான்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று செகரட்டரி ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் நல்லதாக ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை. "உங்க நிலைமை புரியுது. ஆனா நாலு குடும்பம் இருக்கோம் இல்லையா? துவைக்கிறத கொஞ்சம் பாத்துச் செய்யலாமே."

"நான் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் துவைக்கிறேன். அப்ப பத்தின தண்ணி இப்ப எப்படி பத்தாமப் போகும்?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? வேற எங்கயும் ஒழுகல. நானே சுத்திப் பாத்துட்டேன்."

காசாளர்ப் பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் பழி தீர்க்கிறவள் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க வீட்லயும் ஒண்ணும் ஒழுகலக்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் அதையே மாத்தினோம்."

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். உண்மைதான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சண்டைக்காரியான எனக்கே அவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்தச் சிமெண்ட் அடைப்பை அவர்களைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

செகரட்டரி கடைசியாகச் சொன்னார், "இது இப்படியே போச்சுன்னா வீட்டுக்காரர் காதுல போட வேண்டியதாயிரும். அது யாருக்கும் நல்லா இருக்காது."

இவரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மறுபடியும் வாசல் வாசலாக ஏறி இறங்க எனக்குத் தெம்பில்லை.

துவைப்பதைக் குறைத்தேன். குறைக்காமல் வேறு வழியும் இல்லை, பத்து மணிக்கு மேல் குழாயில் தண்ணீரே இல்லையே. நனைந்ததும் மாற்றுவது போய், காலையும் சாயங்காலமும் என்றானது. நடுவில் நனைந்தால் அதன்மேலேயே ஒரு பழைய துணியை மடித்து வைத்தேன். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டேன். வெந்நீரில் நன்றாகத் துடைப்பது போய், ஈரத்துணியால் ஒரு இழுப்பு. தெருமுனைக் குழாயில் போய்ப் பிடித்து வரலாம்தான். அங்கே நிற்கிற வரிசையில் அரை மணி போகும். இவருக்கு எச்சில் புரைக்கேறினால் பக்கத்தில் ஆள் வேண்டும். பயந்து பயந்து ஓடுவேன், ஒரு குடத்தோடு திரும்பிவிடுவேன்.

இவருக்கு நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஒரு மதியம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு லிஃப்ட்ல யாரோ குளிக்காம ஏறிட்டாங்க போல."

வழக்கமாக அவர் ஏதாவது சொன்னால் நான் பதிலுக்கு இரண்டு சொல்லுவேன். அன்று அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கொடியில் விரிப்பு பாதியாகக் குறைந்தது. தண்ணீர் மட்டும் ஏறவில்லை. முன்னைவிட மோசமானது. "ராத்திரில ரகசியமாத் துவைச்சு உள்ளயே காயப் போடறாங்களோ என்னவோ" என்று பக்கத்து வீட்டு அம்மா யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

அந்த வாரம்தான் இவரைத் திருப்பும்போது பார்த்தேன். கீழ் முதுகில், எலும்பு தட்டுகிற இடத்தில், சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அழுத்தினேன். வெளுக்கவில்லை. மறுநாள் அதன்மேல் தோல் ஊறின காகிதம் மாதிரி நகர்ந்தது.

நர்ஸம்மா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மருந்து வைத்துக் கட்டிவிட்டு, "எப்படிம்மா விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் செகரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினேன். சட்டைப் பொத்தான் போடாமலே வந்தார்.

"வாங்க" என்றேன். படிக்கட்டுக்கு அடியில் எங்கள் வீட்டுக்குப் போகிற குழாயின் வால்வு இருக்கிறது. அவர் கண் முன்னாலேயே அதை இறுக்கி மூடினேன். திருகுகிற பிடியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். "இன்னிக்குப் பூரா எங்க வீட்டுக்கு ஒரு சொட்டு வேணாம். நீங்களே வச்சிருங்க. தொட்டி எப்ப காலியாகுதுன்னு பாருங்க."

"அட, எதுக்கும்மா இதெல்லாம்?"

"பாருங்க."

அன்று முழுக்கத் தெருக்குழாய்த் தண்ணீர்தான். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினேன், ஓடி வந்தேன். மதியத்துக்கு முன்பே மொட்டை மாடியில் செருப்புச் சத்தம் கேட்டது. செகரட்டரி தொட்டி மூடியைத் திறந்து மூடுகிற சத்தம். இறங்கி வந்து என் வாசலில் நின்றார். வால்வுப் பிடியை நீட்டினார்.

"காலிம்மா" என்றார்.

சாயங்காலம் அதே பிளம்பர் வந்தார். தொட்டி, குழாய், வால்வு எல்லாம் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போனார். காசாளர்ப் பெண் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். நானும் செகரட்டரியும் பின்னாலேயே ஏறிப்போனோம். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. கழிவறை பளிச்சென்று இருந்தது. சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது, காதை வைத்துக் கேட்டால் மெல்லிசாக ஓர் இரைச்சல். டேங்க் நிரம்புகிற சத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள். பிளம்பர் ஒரு மெல்லிய காகிதத்தைக் கோப்பையின் பின் சுவரில், விளிம்புக்குக் கீழே ஒட்டவைத்தார். ஒட்டின கையோடு காகிதம் நனைந்து, கிழிந்து, தண்ணீரோடு இறங்கிப் போய்விட்டது.

டேங்க் மூடியைத் தூக்கினார். நடுவில் நின்ற குழாயின் வாய்க்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஓட்டம். மிதவைப் பந்து ஒரு பக்கம் சாய்ந்து, மேலே வரவும் முடியாமல் அமிழவும் முடியாமல் ஆடியது.

"வால்வு முழுசாப் போயிருச்சு" என்றார் பிளம்பர். "பழைய மாதிரி வெளிப் பைப்பு இருந்திருந்தா இந்நேரம் சுவரோட சேத்து அருவி மாதிரி கொட்டியிருக்கும், அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இது உள்ளுக்குள்ளயே போயிருது. யாரு பாக்கறா?"

செகரட்டரி சுவரைப் பார்த்தார். நான் அந்தக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய விரிப்புக்கு இல்லாத தண்ணீர், இவர் முதுகைத் துடைக்க இல்லாத தண்ணீர், இங்கே ஆளில்லாத வீட்டில் தொட்டி காலியாகிறவரைக்கும் சுத்தமான கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னிக்கே அந்தப் பந்தக் கேட்டேனே" என்றேன் பிளம்பரிடம்.

"கேட்டீங்க" என்றார். வாயாடி மனிதர் குனிந்து ஸ்பானரை எடுத்தார்.

காசாளர்ப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. ஆனால் பயத்தில் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. "அக்கா, நாங்களா மாத்தணும்னு மாத்தல. நீங்கதான வெளிய சொட்டுதுன்னு..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஓங்கி ஓர் அறை விடத்தான் கை வந்தது. விடவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் என் கையைக் கட்டியது. படியிறங்கி வந்துவிட்டேன்.

புது வால்வு அன்றே மாட்டியாகிவிட்டது. மறுநாளிலிருந்து தொட்டி நிறையத் தண்ணீர். செகரட்டரி ஒரு தடவைக்கு இரண்டு தடவை வந்து, "தண்ணி நல்லா வருதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மன்னிப்பு என்கிற சொல் அவர் அகராதியில் அப்படித்தான் இருந்தது போல. நான் மறுபடியும் நனைந்த உடனே மாற்றினேன், துடைத்தேன், ஒற்றினேன், திருப்பினேன். முன்பு செய்ததைவிட அதிகமாகவே செய்தேன். அந்தப் புண் என் வேலையைப் பார்க்கவே இல்லை. அது தன் வேலையைப் பார்த்தது. மேலே நாணயம் அளவு தெரிந்தது, உள்ளே குழியாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டுப் பிரிக்கும்போது வருகிற வாடைக்கு நான் பழகிக்கொண்டேன். இவர் பழகவில்லை.

"ஊதுபத்தி ஏதாவது ஏத்தி வை" என்றார்.

"ஏன்?"

"வர்றவங்க மூஞ்சி கோணுதுடி." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு அப்புறம் அவர் லிஃப்ட் பேச்சை எடுக்கவில்லை.

காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செகரட்டரிதான் வண்டி பிடித்தார், காசாளர்ப் பெண்ணின் புருஷன் இவரைத் தூக்கி ஏற்றினான். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அங்கே பத்து நாள்கூட இருக்கவில்லை. கடைசி இரண்டு நாள் என்னைத் தெரியவில்லை, யாரிடமோ எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கட்டடமே கூடிவிட்டது. குளிப்பாட்டுவதை ஆம்பிளைகள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உட்காருங்கள் என்றார்கள். நான் விடவில்லை. இவரைக் குளிப்பாட்டுகிற உரிமை வேறு எவருக்கும் இல்லை. பின்பக்கம் பலகை போட்டுப் படுக்க வைத்தோம். சுற்றிலும் போர்வைகளைத் திரையாகக் கட்டினார்கள். யாராவது ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். யாரும் அசைவதற்குள் காசாளர்ப் பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவள் மேல் எனக்கு அப்போதும் கோபம் இருந்தது. ஆனால் வெளியே போ என்று சொல்ல மனம் வரவில்லை.

அவள் வாளி வாளியாக நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள். நான் சோப்பு போட்டேன். காதுக்குப் பின்னால், கழுத்தில், அக்குளில், விரல் இடுக்கில். கை தானாகவே தண்ணீரைச் சிக்கனம் பிடித்தது. ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தியது, அரைச் சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"தொட்டி நிறையத் தண்ணி இருக்குக்கா" என்றாள். "பாத்துப் பாத்து ஊத்தாதீங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டு வரேன்."

சொம்பை அவள் கையில் கொடுத்தேன். முதுகைக் கழுவ வேண்டுமே. இரண்டு கையாலும் அணைத்து இவரை என் பக்கமாகச் சாய்த்துத் திருப்பினேன். எத்தனையோ ஆயிரம் தடவை திருப்பிய உடம்பு, அன்று கனத்தது. ஆஸ்பத்திரியில் வைத்த பஞ்சு நழுவி விழுந்தது.

அவள் அதுவரை அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை. முதுகுப் புண் என்று கேள்விப்பட்டிருப்பாள், ஏதோ சிராய்ப்பு என்று நினைத்திருப்பாள். உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சொம்பைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் விளிம்பில் தளும்பி அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று அவள் காத்திருந்தது தெரிந்தது. எனக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது, இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"மெதுவா ஊத்தும்மா" என்றேன். "அந்த இடத்துல தண்ணி பட்டா அவருக்கு எரியும்."